எழுந்து நின்றவர்களுக்கு ஒரு ரொட்டி

முதலில் எங்கள் கூடத்தின் விதியைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நடந்ததைக் கேட்டால் யாருக்கும் தலையும் புரியாது, வாலும் புரியாது. ரொட்டியக்காவுக்கு அது தெரியாததால்தான் இவ்வளவும் நடந்தது.

எங்கள் பிரார்த்தனைக் கூடம் மாடியில் இருக்கிறது. கூரையைச் செப்பனிடுவதிலிருந்து வாசல் கதவுக்கு என்ன நிறம் பூசுவது என்பது வரை, பொதுக் காரியம் எதுவானாலும் பிரார்த்தனை முடிந்த கையோடு அங்கேயே தீர்மானிப்போம். கை தூக்குவது கிடையாது, சீட்டு எழுதிப் போடுவது கிடையாது. எல்லோரும் விரிப்பில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தலைவர் காரியத்தைச் சொல்லி, "எழ விரும்புகிறவர்கள் எழலாம்" என்பார்; மனம் ஒப்பாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். சற்று நேரம் கழித்து, யாராவது எழுந்தாலும் எழாவிட்டாலும், "எழுந்தவர்கள் அமரலாம்" என்பார். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறப்போம். ஒரே ஒருவர் எழுந்திருந்தாலும் அந்தக் காரியம் கைவிடப்படும். எழுந்தது யார் என்று யாரும் கேட்கக் கூடாது; தலைவரும் சொல்லக் கூடாது.

மனிதர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கடவுளை மட்டும் நினைத்து முடிவு செய்ய வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட விதி இது. எங்கள் தெருவில் சண்டை குறைவு என்றால் இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். மாமியாரின் யோசனையை மருமகள் தோற்கடித்துவிட்டு, இருவரும் ஒரே குடையில் வீடு திரும்புவது வேறு எந்த முறையில் நடக்கும்?

இனி ரொட்டியக்கா. கூடத்துக்கு எதிர்வரிசையில் ரொட்டி சுட்டு விற்பவர். எங்கள் கூடத்தைச் சேர்ந்தவர் அல்லர். வேறு எந்தக் கூடத்தையும் சேர்ந்தவர் அல்லர். கேட்டால், "நான் எந்திரிக்கும்போது உங்க சாமியே தூங்கிட்டிருக்கும்" என்பார். அவர் கடை இருந்த கட்டடம் கைமாறிவிட்டது. வாங்கியவர் இடித்துக் கட்டப் போகிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். செங்கல் அடுப்புக்குப் புகைபோக்கி உள்ள அறை வேண்டும். தெருவில் அப்படி மீதமிருந்த ஒரே அறை, எங்கள் கூடத்தின் கீழ்த்தளத்தில் உடைந்த நாற்காலிகள் குடியிருந்த அறை.

"அது கிடைக்கலன்னா என்ன செய்வீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தங்கச்சி வீட்டுக்குப் போய் அவ பிள்ளைங்களுக்குத் தலை வாரிவிட வேண்டியதுதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் திரும்பி, ஏற்கெனவே துடைத்த தட்டை மறுபடியும் துடைத்தார்.

கூடத்துக்குச் செயலர் என்ற முறையில் அவருடைய கோரிக்கையை நான்தான் முறைப்படி தலைவர் முன் வைத்தேன். எங்கள் பழைய தலைவர் மகள் வீட்டோடு போய்விட்டதால், புதிய தலைவராக மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைத் தேர்ந்தெடுத்திருந்தோம். எல்லோரும் அவரைக் கண்ணாடியார் என்போம். பக்தி மிகுந்தவர், பரம சாது. தலைவராக அவர் நடத்திய முதல் தீர்மானம் இது.

ரொட்டியக்காவை மாடிக்கு அழைத்து, வேண்டியதை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னோம். சொன்னார். "சரிம்மா, அப்படிக் கதவோரமா நில்லுங்க" என்றார் கண்ணாடியார். நாங்கள் கண்ணை மூடினோம். ஒரே நிசப்தம். எழுந்தவர்கள் அமரலாம் என்ற குரல் வந்தது. கண்ணைத் திறந்தோம். கண்ணாடியாரின் முகம் பளிச்சென்று இருந்தது.

"தடை எதுவும் இல்ல. அறை உங்களுக்குத்தாம்மா."

ரொட்டியக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைப் போட்டுக்கொள்ளவும் மறந்து, படியில் இறங்கி ஓடினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்தில் என் மனைவி மட்டும் விரிப்பின் பூவேலையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். வாசலில் ரொட்டியக்காவின் குரல்.

"இந்தாங்க அக்கா, சூடா இருக்கு, பார்த்துப் பிடிங்க."

"எனக்கு எதுக்குங்க இது?" என்றாள் என் மனைவி.

"நீங்க செஞ்ச உதவிய மறப்பேனா? எல்லாரும் பிடிச்சு வச்ச மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. நீங்க பாட்டுக்கு எந்திரிச்சு நின்னீங்களே! அந்த நேரத்துல எனக்கு எவ்வளவு தெம்பா இருந்துச்சு தெரியுமா?"

பாதி முகத்தில் சோப்புடன் நான் எட்டிப் பார்த்தேன். ரொட்டியக்கா என்னைக் கண்டதும் ஒரு சின்னத் தலையசைப்பு மட்டும் கொடுத்தார். கோபம் என்று சொல்ல முடியாது. ஆனாலும், 'நீங்க உட்கார்ந்துதானே இருந்தீங்க' என்ற பார்வை அது. கூடையில் இன்னும் சில ரொட்டிகள் இருந்தன. அவற்றில் ஒன்றும் எனக்கானது அல்ல. அவர் அடுத்த வீட்டைத் தாண்டி, அதற்கடுத்த பாட்டு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

மனைவி ரொட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, அதையே பார்த்தபடி நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நீ எந்திரிச்சு நின்னியா?"

"நின்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுதானே கண்ண மூடச் சொல்றீங்க! இப்ப மட்டும் என்ன விசாரணை?"

"அது சரி. அப்புறம் எப்படித் தடை எதுவும் இல்லைன்னு சொன்னார்?"

"அதத்தான் ராத்திரி பூரா யோசிச்சேன். தலைவர் பெருந்தன்மையா என்னைக் கண்டுக்காம விட்டுட்டார்னு நெனச்சேன். நான் ஒருத்திதானே நின்னிருப்பேன், ஒரு ஏழைப் பொம்பளை பிழைப்பக் கெடுக்கப் பார்த்தேனேன்னு வெட்கமாப் போச்சு. இப்ப பார்த்தா அந்தம்மா கூடையில அஞ்சாறு ரொட்டி இருக்கு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து நின்றவர்கள் தனக்கு ஆதரவாக நின்றார்கள் என்று நினைத்து, தன்னை வேண்டாம் என்றவர்களாகப் பார்த்துப் பார்த்து வீடு தேடிச் சென்று ரொட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறார் அந்த அம்மாள். விதி எங்களுக்குப் பிறவியிலேயே தெரியும் என்பதால், அதை வெளியாளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மீதிச் சவரத்தை முடித்துக்கொண்டு கண்ணாடியார் கடைக்கு நடந்தேன். வழியில் மருந்துக் கடைக்காரர் எதிர்ப்பட்டார். கக்கத்தில் ஏதோ பொட்டலம். என்னைக் கண்டதும் அதைச் சட்டைக்குள் தள்ளப் பார்த்தார். நல்ல சூடு போலிருக்கிறது, துள்ளிக் குதித்தார்.

"நீங்களுமா?" என்றேன்.

"நான் என்னத்தக் கண்டேன்?" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

கண்ணாடியார் ஒருவருக்குப் பார்வை சோதித்துக்கொண்டிருந்தார். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஆள் எங்கள் பேச்சு முழுவதையும் கேட்டார். வேறு வழி இல்லை.

"ஐயா, நேத்து எழுந்தவங்கள நீங்க பார்த்தீங்களா?"

"யாரும் எழலையே."

"பார்த்தீங்களா?"

"எப்படிப்பா பார்ப்பேன்? கண்ண மூடியில்ல இருந்தேன்!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "தலைவர் கண்ணத் திறந்து வச்சிருக்கணும் ஐயா. இல்லன்னா யார் எழுந்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

"தலைவர் திறந்து வைக்கணும்னு யார் சொன்னா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். யார் சொன்னது? யாரும் சொன்னதில்லை. பார்த்ததும் இல்லை. பழைய தலைவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த எங்களில் எவர் பார்த்திருக்க முடியும்?

"சின்ன வயசுலேந்து அந்த இடத்துல கண்ண மூடியே பழக்கம்" என்றார் கண்ணாடியார் பரிதாபமாக. "மனசுல யாரும் எழலைன்னு பட்டுது. கடவுள் சொல்றார்னு நெனச்சுக்கிட்டேன்."

சட்டம் மாட்டியிருந்த ஆள், "தெருவுக்கே கண்ணு பார்க்கிறவர் நீங்க" என்றார்.

"நீங்க அந்தக் கடைசி வரியப் படிங்க சார்" என்று அதட்டிவிட்டு, கண்ணாடியார் பழைய தலைவருக்குப் போன் போட்டார். சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தார். நடந்ததை நான் வரிசையாகச் சொன்னேன்.

மறுமுனையில் இருமல். பிறகு, "அட, நானும் கண்ண மூடிக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றது குரல்.

"ஐயா! அப்ப இத்தன வருஷம் எப்படிச் சொன்னீங்க?"

"முட்டிச் சத்தம் கேட்குமில்ல? தரையிலேந்து எந்திரிச்சா டொக்குனு கேட்கும். யார் முட்டின்னு கூடச் சொல்லிடுவேன். பாட்டு டீச்சர்து மட்டும் ரெண்டு தடவ கேட்கும்."

"முட்டி நல்லா இருக்கிறவங்க எழுந்தா?"

சற்று யோசித்தார். "அவங்களுக்கு என்னப்பா கவல? வாழ்க்கைல அனுசரிச்சுப் போவாங்க" என்று சொல்லிவிட்டு, பேத்தி கூப்பிடுகிறாள் என்று போனை வைத்துவிட்டார்.

கண்ணாடியார் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

"இதச் சொல்லாம விட்டா என்ன ஆகும்?" என்றேன் மெல்ல. "எழுந்தவங்க வெளியில சொல்ல மாட்டாங்க. அந்தம்மாவுக்கும் அறை கிடைச்சுடும்."

"கிடைச்சுடும். ஆனா கடவுள் பேரச் சொல்லி நான் தப்பாச் சொன்னது அப்படியே நிக்குமே? வாப்பா, போய்ச் சொல்லிடுவோம்."

நாங்கள் போனபோது ரொட்டியக்கா செங்கல் குவியலுக்கு நடுவில் இருந்தார். கையெல்லாம் கரி. அடுப்பைப் பிரித்துவிட்டிருந்தார். இடம் கிடைத்துவிட்ட தெம்பில், காலையில் கடைசியாகச் சுட்டதுதான் அந்த நன்றி ரொட்டிகள். கண்ணாடியார் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"அப்ப எந்திரிச்சு நின்னவங்க..."

"வேண்டாம்னு நின்னவங்கம்மா."

ரொட்டியக்கா அடுக்கி வைத்த செங்கல்மேல் உட்கார்ந்தார். "என்ன வேண்டாம்னு சொன்னவங்க வீட்டுக்கா கதவத் தட்டித் தட்டிக் குடுத்துட்டு வந்தேன்? அதுவும் நல்லா வெந்ததாப் பார்த்து!" திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பிரித்துப் போட்ட அடுப்பைப் பார்த்தார். "இதப் பிரிச்சிட்டேனே அண்ணே" என்றார் என்னிடம்.

"மறுபடியும் கூடிக் கேட்கலாம்மா" என்றார் கண்ணாடியார். "ஆனா விதி விதிதான். ஒருத்தர் எழுந்தாலும் கிடையாது. இல்ல, நேத்து சொன்னதே இருக்கட்டும்னு நீங்க சொன்னா..."

"வேண்டாங்க. அப்படிக் கிடைச்ச இடத்துல எனக்கு மாவு பொங்காது. கேளுங்க. ஆனா அதுக்கு முன்னால ஏன் வேண்டாங்கறாங்கன்னு எனக்குத் தெரியணும். கண்ண மூடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் வாயத் திறக்கலாமில்ல?"

அன்று சாயங்காலமே கூடினோம். வெளியே இன்னும் நல்ல வெயில். கண்ணாடியார் எழுந்து, தன் தவறை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். சொன்னதும் கூடத்தில் ஒரு சலசலப்பு. தாம் மட்டும்தான் எழுந்தோம் என்று நினைத்திருந்த அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டார்கள். பாட்டு டீச்சர், "அப்பாடா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

"யார்னு நான் சொல்லப் போறதில்ல" என்றார் ரொட்டியக்கா. "என்ன கஷ்டம்னு மட்டும் சொல்லுங்க."

என் மனைவிதான் முதலில் வாய் திறந்தாள். "நான்தாங்க. மாசத்துல முதல் நாள் நாங்க மத்தியானப் பிரார்த்தனை வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டோம். அன்னிக்குக் கீழேயிருந்து உங்க ரொட்டி வாசனை வந்தா, என் மனசு நேரா மேல போகுமா, படியிறங்கிக் கீழ போகுமா?"

"எனக்கும் அதேதான்!" என்றார் மருந்துக் கடைக்காரர். "போன வாரம் எதிர்வரிசையிலேந்து வந்த வாசனைக்கே ரெண்டு வரி தப்பாச் சொன்னேன்."

"அதான் அன்னிக்கு இழுத்தீங்களா?" என்றாள் மனைவி.

ரொட்டியக்கா இடுப்பில் கை வைத்தார். "அட, இவ்வளவுதானா? முதல் நாள் காலைல அடுப்பு மூட்ட மாட்டேன். உங்க பிரார்த்தனை ஆரம்பிச்சப்புறம் மாவப் பிசையறேன், நீங்க கண்ணத் திறந்தப்புறம்தான் முதல் தட்டு அடுப்புக்குள்ள போகும். பசியோட இறங்கி வருவீங்க. எனக்கு இதவிட என்ன வியாபாரம் வேணும்?"

கூடத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. பாதி பக்தி, பாதி பசி. பாட்டு டீச்சர் மாவு தட்டும் சத்தம் மாடியில் தான் நடத்தும் பாட்டு வகுப்பின் தாளத்தைக் கெடுக்கும் என்றார். தன் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் நேரத்தில் தட்டாமல் இருந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார். இன்னும் ஒருவர் நாற்காலிகளை எங்கே வைப்பது என்று கேட்டார். அவற்றில் உட்கார யாருக்காவது துணிச்சல் உண்டா என்று கேட்டதும் அடங்கிவிட்டார். குழாய்க்காரர் மட்டும் தூணோரமாக உட்கார்ந்து, கேட்டதற்கு "எனக்கு ஒண்ணுமில்ல, பொதுவா யோசிச்சேன்" என்று முணுமுணுத்தார்.

அடுத்து ஒரு சிக்கல். மறுபடி கண்ணை மூடினால் யார் பார்ப்பது?

"நான் திறந்து வச்சிருக்கேன்" என்றார் கண்ணாடியார்.

"திறந்து வச்சிருக்கீங்களான்னு யார் பார்க்கிறது?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"அதப் பார்க்க ஒருத்தர் திறக்கணும். அவர் ஒழுங்காப் பார்க்கிறாரான்னு இன்னொருத்தர்..." என்று பாட்டு டீச்சர் ஆரம்பித்தபோது, என் மனைவி குறுக்கிட்டாள்.

"ஏன் சுத்தி வளைக்கிறீங்க? நேத்து இந்தக் கூடத்துல கண்ணத் திறந்து வச்சிருந்த ஒரே ஆளு அந்தம்மாதான். அவங்களே பார்த்துச் சொல்லட்டும்."

"அவங்க காரியத்தையே அவங்க பார்த்துச் சொல்றதா?" என்றார் ஒருவர்.

"உங்க வீட்டுக்கு வந்த ரொட்டியச் சாப்பிட்டீங்கல்ல? அந்தக் கைய நம்பித்தானே சாப்பிட்டீங்க?"

கண்ணாடியார் ரொட்டியக்காவைத் தம் பக்கத்தில் நிற்க வைத்தார். "பார்த்தத மட்டும் சொல்லுங்கம்மா" என்றார். அவர் தலையாட்டினார். கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் பார்க்கவில்லை, கண்ணை மூடிவிட்டேன்.

"எழ விரும்புகிறவர்கள் எழலாம்."

தெருவில் ஒரு சைக்கிள் மணி. பக்கத்தில் மனைவியின் வளையல் அசையவில்லை. நல்லது. இன்னும் கொஞ்ச நேரம். எவ்வளவு நேரம்தான் இந்த அம்மாள் பார்ப்பார்?

"ஒருத்தர் நிக்கிறார்" என்றார் ரொட்டியக்கா.

குரல் உடைந்திருந்தது. யாரும் நிற்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். அந்த எண்ணம் எனக்குள் ஓடிய அதே வேளையில் அது எல்லோருக்குள்ளும் ஓடியது என்பது, யாரும் மூச்சுவிடாத அந்த அமைதியில் தெரிந்தது.

"சரி" என்றார் கண்ணாடியார் மெதுவாக. "அப்ப இந்தக் காரியம்..."

"இருங்க ஐயா." தூணோரத்திலிருந்து, ஆள் உயரத்திலிருந்து வந்தது குரல். "நான்தான் நிக்கிறேன்."

"யார்னு சொல்லக் கூடாதுய்யா!" என்று பதறினார் மருந்துக் கடைக்காரர்.

"சொல்லிட்டுப் போறேன். எல்லாரும் கண்ண மூடியே இருங்க, அப்பதான் எனக்கு வாய் வரும்." குழாய்க்காரர் தொண்டையைக் கனைத்தார். "கீழ அந்த அறைக் கூரையோரமாப் போற குழாய் நான் போட்டது. இணைப்பு சரியில்ல. அன்னிக்கு மச்சான் கல்யாணம், அவசரத்துல துணியச் சுத்தி மேல பூசிட்டுப் போயிட்டேன். வெறும் நாற்காலிதானேன்னு விட்டுட்டேன். அடுப்புச் சூடு பட்டா பிச்சுக்கும். அக்கா தலைல தண்ணி கொட்டும். அப்ப யார் போட்ட குழாய்னு கேட்பீங்கல்ல? பிரார்த்தனைல உட்கார்ந்தா அந்தக் குழாய்தான் கண்ணு முன்னாடி நிக்குது."

"அத மாத்த எவ்வளவு வேலை?" என்று கேட்டார் ரொட்டியக்கா.

"அரைநாள் வேலை."

"யார் மாத்தணும்?"

"நான்தான்."

"அப்புறம் ஏன் அண்ணே நிக்கிறீங்க?"

குழாய்க்காரர் யோசிப்பது கேட்டது. "அதானே" என்றார்.

முதலில் சிரித்தது என் மனைவி. பிறகு பாட்டு டீச்சர். பிறகு கூடம் முழுவதும், கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் முட்டிக்கொண்டு சிரித்தோம். எனக்குக் கண்ணீர் வந்தது. திறக்கக் கூடாதே என்று அப்படியே வழிய விட்டேன்.

"அமைதி, அமைதி" என்றார் கண்ணாடியார், சிரிப்பை அடக்க முடியாத குரலில். "பாருங்கம்மா, இப்ப யாராவது நிக்கிறாங்களா?"

"யாரும் நிக்கல ஐயா. ஒருத்தர் மட்டும்..."

"என்ன?"

"படியில இறங்கி ஓடறார்."

"ஓடறதுக்கு விதி இல்ல. அறை உங்களுக்குத்தாம்மா. எல்லாரும் கண்ணைத் திறக்கலாம்."

திறந்தோம். தூணோரம் காலியாக இருந்தது. ரொட்டியக்கா எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கீழறையிலிருந்து நாற்காலிகள் சரியும் சத்தமும், அதைத் தொடர்ந்து சுத்தியலால் சுவரைத் தட்டும் சத்தமும் மேலே வந்தன. அவர் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, படியை நோக்கி ஓடினார்.

"அண்ணே, பார்த்து! புகைபோக்கிய இடிச்சிடாதீங்க!"